சொல்லும் பொருளும்: ‘பரேடு’ குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ‘பரேடு’ என்ற பெயர்ச்சொல் மூன்று இடங்களில் வருகிறது. ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் தம் காலைப் பரேடை நினைவுகூர்கிறார்; காவல் நிலையத்தில் சாட்சியின் முன் ‘ஐடென்டிட்டி பரேடு’ நடக்கிறது; கதாநாயகி ‘பரேடில் உள்ள மருந்துக்கடைக்கு’ப் போகிறாள். மூன்றுக்கும் ‘அணிவகுப்பு’ என்றே எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், அணிவகுப்புக்குள் மருந்துக்கடை எப்படி வந்தது என்று கேட்கிறார். ஒரே சொல்லுக்கு இவ்வளவு விலகிய பொருள்கள் எப்படி அமைந்தன?

பதில்: உங்கள் நண்பர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். ‘பரேடு’ என்றதும் நம் மனக்கண்ணில் முதலில் எழுவது நடைதான்: முரசொலி, ஒரே தாளத்தில் உயர்ந்து தாழும் கால்கள், ஒன்றுபோல வீசும் கைகள். அந்த நடையையே சொல்லின் உயிர் என்று கொண்டால் மருந்துக்கடையும் காவல் நிலையச் சுவரும் அதற்குள் அடங்கமாட்டா. நடையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், மூன்றும் ஒரே வேரில் கிளைத்திருப்பது தெரியும்.

ஆங்கிலம் இச்சொல்லை 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு மொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் அதன் உடன்பிறப்புகள் உண்டு. அனைத்துக்கும் அடியில் இருப்பது ‘பராரே’ என்னும் இலத்தீன் வினை. ஆயத்தம் செய்தல், ஒழுங்குபடுத்துதல், அழகுபடுத்துதல் ஆகியவை அதன் பொருள்கள். நாம் அன்றாடம் சொல்லும் ‘ரிப்பேர்’ கூட இதே வேரிலிருந்து வந்ததுதான். ஸ்பானியத்தில் ‘பரார்’ என்றால் நிற்றல் அல்லது நிறுத்துதல். இன்றும் அம்மொழியினர் பேருந்து நிறுத்தத்தைப் ‘பராடா’ என்கிறார்கள். பழைய பிரெஞ்சில், விரையும் குதிரையைக் கடிவாளம் பிடித்து நிறுத்துவதற்கும் ‘பரேடு’ என்ற பெயர் இருந்தது. ஜெர்மன் குதிரையேற்றக்காரர்கள் குதிரையின் வேகத்தை அடக்குவதை ‘பராடே’ என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். சொல்லின் பழைய நினைவில் நகர்வைவிட நிற்றலே அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. பார்ப்பவர் கண்முன் ஒழுங்காக நிறுத்தப்பட்டது என்பதுதான் நான் காணும் அடிப்படைப் பொருள். பிற பொருள்கள் எல்லாம் அதிலிருந்து விரிந்தவை.

படைக்குள் இந்தப் பொருள் இன்னும் குலையாமல் இருக்கிறது. காலைப் பரேடு என்பது வீரர்கள் குறித்த நேரத்தில் கூடி, வரிசையில் நின்று, மேலதிகாரியின் பார்வைக்கு உட்படுவது. அதிகாரி ஒவ்வொருவர் முன்பும் ஒரு கணம் நின்று செல்கிறார்; தொப்பி, பொத்தான், இடைவார், காலணி என்று அவருடைய கண் மேலிருந்து கீழே இறங்குகிறது; அந்தத் திடலில் அப்போது நகர்பவர் அநேகமாக அவர் ஒருவர்தான். அமெரிக்கத் தரைப்படையில் ‘பரேடு ரெஸ்ட்’ என்றொரு கட்டளை உண்டு. அதைக் கேட்டதும் இடக்காலை ஏறத்தாழ 10 அங்குலம் அகற்றி வைத்து, இரு கைகளையும் முதுகுப்புறம் இடைவாரின் நடுவில் சேர்த்துக்கொண்டு, பேசாமலும் அசையாமலும் நிற்க வேண்டும். பெயரில் ‘பரேடு’ இருக்கிறது; ஓரடிகூட எடுத்துவைக்க அனுமதி இல்லை. பிரிட்டிஷ் படையில் உடல்நலம் குன்றியவர்கள் மருத்துவரைக் காணக் கூடுவது ‘சிக் பரேடு’. ஊதியம் பெறக் கூடுவது ‘பே பரேடு’. காய்ச்சலில் துவண்டிருப்பவர் அங்கே கைவீசி நடப்பதில்லை. தம் முறை வரும்வரை வரிசையில் நிற்கிறார். உங்கள் படைவீரர் நினைவுகூர்வது மேற்பார்வைக்கு நின்றதை என்றால் ‘காலை அணிவகுப்பு’ சரியாகப் பொருந்தும். பயிற்சியை நினைக்கிறார் என்றால் ‘கவாத்து’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது.

இனி மருந்துக்கடைக்கு வருவோம். செயலின் பெயர் இடத்துக்கு ஆகிவருவது நமக்குப் பழக்கமானதுதான். சந்தை கூடும் இடத்தையும் சந்தை என்றுதானே சொல்கிறோம்? அவ்வாறே படை கூடும் திடலும் ‘பரேடு’ எனப்பட்டது. லண்டனில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அரச விழாவுக்காகப் படைகள் கூடும் திடலின் பெயர் ‘ஹார்ஸ் கார்ட்ஸ் பரேடு’. 2012 ஒலிம்பிக்கின்போது மணல் கொட்டிக் கடற்கரைக் கைப்பந்துப் போட்டிகளை அங்கேதான் நடத்தினார்கள். படை இல்லாதபோதும் அந்த இடம் ‘பரேடு’தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இப்பெயர் படைத்திடலைத் தாண்டி, ஊரார் நல்லுடை உடுத்தி உலாவுகிற அகன்ற நடைவழிகளுக்கும் பரவிவிட்டது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் கட்டடக் கலைஞர் மூத்த ஜான் வுட் 1740களில் அமைத்த தெருக்களில் ‘நார்த் பரேடு’, ‘சவுத் பரேடு’ என்ற இரண்டு உண்டு. பிரைட்டனின் கடலோரத்தில் ‘மரீன் பரேடு’ நீண்டு கிடக்கிறது. பிறரைப் பார்ப்பதற்கும் பிறர் தம்மைப் பார்ப்பதற்கும் மக்கள் நடந்த இடங்கள் இவை. அதனால் ‘கண்முன் நிறுத்துதல்’ என்ற கரு இங்கேயும் அழியவில்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மற்றொரு படி உண்டு. குடியிருப்புப் பகுதியில் ஒன்றையொன்று ஒட்டி ஒரே வரிசையாக, தெருவைப் பார்த்தபடி அமைந்த சிறு கடைகளின் தொகுதிக்கும் அதே பெயர் ஆயிற்று. உங்கள் கதாநாயகி போகிற மருந்துக்கடை அத்தகைய ‘கடைவரிசை’யில் இருக்கலாம், கதை கடலோர ஊரில் நடக்கிறது என்றால் ‘கடற்கரைச் சாலை’யில் இருக்கலாம். மூலத்தை மீண்டும் பாருங்கள். அங்கே சொல்லின் முதலெழுத்து பெரிய எழுத்தாக இருந்தால் அது இடப்பெயர். தமிழில் அந்த வசதி இல்லாததால் ‘மரீன் பரேடு சாலை’, ‘ஹார்ஸ் கார்ட்ஸ் பரேடு திடல்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதிவிடுவது வாசகருக்குச் செய்யும் உதவி. கூறியது கூறல் என்று யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

‘ஐடென்டிட்டி பரேடு’க்கு ‘அடையாள அணிவகுப்பு’ என்பது நீதிமன்ற வழக்கிலும் செய்தித்தாள்களிலும் வேரூன்றிய சொல். அதை மாற்ற வேண்டாம். அமெரிக்கர்கள் இதையே ‘லைன்-அப்’ என்கிறார்கள். இங்கிலாந்தின் காவல்துறை நடைமுறை விதிகளின்படி, நேரடி அடையாள அணிவகுப்பில் சந்தேகத்துக்குரியவரைத் தவிர, வயதிலும் உயரத்திலும் தோற்றத்திலும் இயன்றவரை அவரை ஒத்த எட்டுப் பேராவது இருக்க வேண்டும். வரிசையில் தாம் எந்த இடத்தில் நிற்பது என்பதைச் சந்தேகத்துக்குரியவரே தேர்ந்துகொள்ளலாம். இந்தச் சிறு விதி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: காவலர் நிறுத்திய இடமே சாட்சிக்குக் குறிப்பாகிவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. நாவலில் அக்காட்சியை மொழிபெயர்க்கும்போது ‘நடந்து வந்தார்கள்’, ‘அணிவகுத்துச் சென்றார்கள்’ போன்ற வினைகள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் நிற்கிறார்கள், சாட்சி பார்க்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் இப்பதிலை முடிக்க மனம் வரவில்லை. ‘அணி’ என்ற தமிழ்ச்சொல்லுக்கு வரிசை என்றும் பொருள், அழகு என்றும் பொருள், ஆபரணம் என்றும் பொருள். ஒழுங்குபடுத்துதலும் அழகுபடுத்துதலும் ‘பராரே’ என்ற இலத்தீன் வினையில் கலந்திருப்பதைப் போலவே அவை நம் சொல்லிலும் கலந்திருக்கின்றன. ‘பரேடு’க்கு ‘அணிவகுப்பு’ என்று முதலில் எழுதியவர் இதை எண்ணித்தான் எழுதினாரோ, அல்லவோ, பொருத்தம் வியக்க வைக்கிறது.

கேள்வி: பரேடு, புரொசஷன், மார்ச், ராலி ஆகிய நான்கையும் செய்திகளில் ‘ஊர்வலம்’, ‘பேரணி’ என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு, அது போகிறவர்களின் நோக்கத்தில் இருக்கிறது. பொதுமக்கள் காண, கொண்டாட்டமாகச் செல்வது பரேடு. ‘வரிசையாகச் செல்லுதல்’ என்ற பொருள் இச்சொல்லுக்கு 1670களிலேயே வந்துவிட்டது. பார்வையாளர் இல்லாத பரேடை எண்ணிப் பார்க்கவே முடியாது. புரொசஷனுக்குப் பார்வையாளர் தேவையில்லை. அது சடங்கின் பகுதி. இறந்தவரின் உடலுடன் செல்வதை ஆங்கிலத்தில் பரேடு என்று எழுதினால் அது பெரும்பிழை. நம் ‘ஊர்வலம்’ இறுதி ஊர்வலத்துக்கும் வெற்றி ஊர்வலத்துக்கும் இடம் தரும் என்பதால், ஆங்கிலத்திலும் ஒரே சொல் போதும் என்று தமிழர்கள் ஏமாந்துவிடுகிறோம். மார்ச் என்பதில் கோரிக்கையும் நடையும் முக்கியம். ராலி என்பது பெரும்பாலும் ஓரிடத்தில் திரண்டு உரை கேட்கும் கூட்டம். ‘பேரணி’ என்று எழுதும்போது படிப்பவர் நடையைத்தான் நினைக்கிறார் என்பதால், மக்கள் நடக்காத இடத்தில் ‘பெருந்திரள் கூட்டம்’ என்று எழுதுவதே நேர்மை. ‘மார்ச் பாஸ்ட்’ இவற்றிலிருந்து தனியானது: அது பரேடின் ஓர் உறுப்பு, மரியாதையை ஏற்பவர் நிற்கும் மேடையைக் கடந்து அணிகள் நடந்து செல்லும் பகுதி.

கேள்வி: ஒரு மதிப்புரையில், நூலாசிரியர் தம் கல்வியைப் ‘பரேடு’ ஆக்குகிறார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். பாராட்டா, கண்டனமா?

பதில்: கண்டனமே. ஒன்றைப் ‘பரேடு’ ஆக்குவது என்றால் அதை வேண்டுமென்றே, பகட்டாக, பிறர் கண்ணில் படும்படி காட்டிக்கொள்வது. இது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வெற்று வீறாப்பைக் காட்டுதல் என்ற பொருளும், படையின் அணிவகுப்பு என்ற பொருளும் ஆங்கிலத்தில் ஒரே காலத்தில் தோன்றியவை. தமிழில் ‘தம்பட்டம் அடித்தல்’ என்று எழுத எவருக்கும் தோன்றும். எனக்கு அதில் சிறு தயக்கம் உண்டு. தம்பட்டம் காதுக்குரியது, தன்னைப் பற்றித் தானே பேசுபவரை அது குறிக்கும். ‘பரேடு’ கண்ணுக்குரியது. தேவையில்லாத மேற்கோள்களைப் பக்கந்தோறும் அடுக்கும் ஆசிரியர் தம்மைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் கல்வியைக் கடைபரப்பியிருப்பார். ஆகவே ‘தம் கல்வியைக் கடைபரப்புகிறார்’ அல்லது ‘பகட்டாகக் காட்டிக்கொள்கிறார்’ என்பதே அம்மதிப்புரையின் கருத்துக்கு நெருங்கி வரும்.

கேள்வி: ‘ஹிட் பரேடு’ என்று பழைய இசைத்தட்டு உறைகளில் காண்கிறேன். பாட்டுக்கும் பரேடுக்கும் என்ன தொடர்பு?

பதில்: ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்னும் பொருள்தான் தொடர்பு. அமெரிக்க வானொலியில் 1935இல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சி, அவ்வாரத்தில் மக்கள் மிகவும் விரும்பிய பாடல்களை வரிசைப்படுத்தி, பெயரிலேயே ‘ஹிட் பரேடு’ என்பதை வைத்துக்கொண்டு ஒலித்தது. சொல் பரவியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இதே பொருளில் சாட்சிகளின் பரேடு, சாக்குப்போக்குகளின் பரேடு என்றும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ‘சாக்குகளின் அணிவகுப்பு’ என்று இன்று தமிழிலும் எழுதுகிறோம், தவறில்லை. ஆனால் ‘சாக்குக்கு மேல் சாக்கு’ என்பதில் இருக்கும் உயிர் அதில் இல்லை.

கேள்வி: ஒருவருடைய பரேடின்மீது மழை பெய்வது என்ற ஆங்கிலத் தொடரை அப்படியே தமிழில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். இத்தொடர் 1960களில் ஓர் அமெரிக்க இசை நாடகத்தின் பாடல் வழியாகப் பெரிதும் பரவியது. ஒருவர் ஆவலுடன் ஏற்பாடு செய்த மகிழ்ச்சியை இன்னொருவர் கெடுப்பதைக் குறிக்கிறது. தமிழில் மழை அத்தனை எளிதில் கெடுதலைக் குறிக்காது. பிள்ளையை வாழ்த்தும்போதும் ‘அன்பு மழை’ என்றுதான் எழுதுகிறோம். ‘ஆசையில் மண்ணை அள்ளிப் போடாதே’ என்று எழுதுங்கள்; சிறு குழந்தைக்கும் விளங்கும்.