அக்காவின் முறை எப்போது?

கேள்வி: அம்மா, எனக்கு 24 வயது. சிவில் என்ஜினீயரிங் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கேம்பஸில் கிடைத்த சாஃப்ட்வேர் வேலையில் ஒன்பது மாதம் இருந்தேன். தினமும் ஒரே மாதிரி வேலை, மனம் ஒட்டவில்லை. போன ஆண்டு மே மாதம் விட்டுவிட்டேன். பிறகு டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் ஐந்து மாதம். அதுவும் எனக்கானது இல்லை என்று புரிந்தது. இப்போது ஆசிரியர் ஆக வேண்டும் என்று உறுதியாகத் தோன்றுகிறது. அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு படிக்க வேண்டும். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அக்கா மட்டும்தான் ஆதரவு. என் கல்விக் கடன் தவணையை இப்போதைக்கு அவள்தான் கட்டுகிறாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து அவள் போனுக்கு மெசேஜ் வரும், பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அவளுக்கும் போன ஜூலையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, சேரவில்லை. இருக்கும் வேலையே போதும் என்று இருந்துவிட்டாள். அவளுக்கு என்னைப் போன்ற தேடல் இல்லை. அப்துல் கலாம்கூட விமானி ஆக நினைத்து, கிடைக்காமல்தானே விஞ்ஞானி ஆனார்? மனசு சொல்வதைக் கேட்பது தவறா?

பதில்:

தம்பி, இந்த வயதில் இதெல்லாம் சகஜம், தைரியமாகப் போ என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பாய். படிப்பை முடித்த கையோடு பாதை மாறித் தவிக்கும் பிள்ளைகளின் கடிதம் வராத வாரமே இல்லை. பலருக்கு அப்படி எழுதியும் இருக்கிறேன். உனக்கு எழுத மாட்டேன். உன் கடிதத்தில் நீ கேட்டிருக்கும் கேள்வியைவிட, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நீ எழுதியதிலிருந்தே தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். போன மே மாதம் நீ வேலையை விட்டாய். போன ஜூலையில் உன் அக்கா கையில் வந்த இடத்தை விட்டாள். நடுவில் இரண்டே மாதம். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற சந்தேகம்கூட உனக்கு வரவில்லையா? மேற்படிப்புக்கு இடம் சும்மா கிடைப்பதில்லை. விண்ணப்பம் போட வேண்டும், நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும், நேர்காணலுக்குப் போக வேண்டும். ஆபீஸ் போய்வந்து, ராத்திரி உட்கார்ந்து படித்துத்தான் அவள் அந்த இடத்தை வாங்கியிருக்க வேண்டும். அவ்வளவும் செய்தவளைப் பற்றித் தேடல் இல்லாதவள் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

அவள் ஏன் சேரவில்லை என்று நீ கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மார்க்கெட்டிங் வேலை உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதை மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். இடம் கருதி அதை இங்கே வெட்டிவிட்டேன்.

அந்த ஐந்து மாதமும் உனக்குச் சம்பளம் வந்திருக்கும். அதில் ஒரு தவணையாவது நீ கட்டினாயா? கட்டியிருந்தால் கட்டாயம் எழுதியிருப்பாய். உன்னைப் பற்றிய நல்ல விஷயங்களை நீ எதையும் விட்டுவிடவில்லை.

ஐந்தாம் தேதி வரும் அந்த மெசேஜுக்கு வருகிறேன். அக்கா எவ்வளவு நல்லவள் என்று காட்டத்தான் நீ அதை எழுதினாய். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பணம் போனதை ஒரு பெண் பார்க்கிறாள். பக்கத்தில் தம்பி இருக்கிறான். அவன் கண்ணில் பட்டால் வருத்தப்படுவான் என்று போனைக் கவிழ்க்கிறாள். மாதாமாதம் இது நடக்கிறது. உனக்கும் தெரிந்திருக்கிறது, தெரியாமலா எனக்கு எழுதினாய்? கண்ணால் பார்த்துவிட்டு, அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருக்கிறாய். வீட்டில் வாய் திறக்காதவர்கள் தலையில்தான் எல்லாச் சுமையும் போய் உட்காரும். இத்தனை வருடமாக வரும் கடிதங்களில் இதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கலாமை வேறு துணைக்கு அழைத்திருக்கிறாய். சரி, அந்தக் கதையை முழுசாகப் பார்ப்போம். விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரைத்தான் எடுப்பார்கள், கலாம் ஒன்பதாவதாக வந்தார். அதுவரை உனக்கு நினைவிருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் அவர் என்ஜினீயரிங் சேர்ந்தபோது கட்டணம் கட்ட வீட்டில் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அந்த நகைகளைத் தன் சம்பாத்தியத்தில்தான் மீட்டுக்கொடுக்க வேண்டும் என்று கலாம் உறுதி எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவது. அதற்காக உழைத்தார். விமானப்படை கைவிட்டதும் சோர்ந்து வீட்டில் உட்காரவில்லை. 1958இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு ஒன்றில் கிடைத்த வேலையில் போய்ச் சேர்ந்தார். குறிக்கோள் மாறியது உண்மைதான். அக்காவிடம் பட்ட கடனை அவர் மறக்கவில்லை. அந்தக் கதையிலிருந்து அக்காவை மட்டும் எடுத்துவிட்டு மீதியை எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

கல்விக் கடன் எப்படிக் கரையும் என்று நீ கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன், அதனால் சொல்கிறேன். பெரும்பாலான கல்விக் கடன்களில் நீ படிக்கும்போதும், தவணை தொடங்கும் முன் தரும் அவகாசத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அது அசலோடு சேர்ந்த பிறகுதான் தவணை தொடங்கும். பத்து சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள். முதல் மாதம் கட்டும் பணத்தில் ஏறக்குறைய 63 சதவீதம் வட்டிக்கே போய்விடும். 12 தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் குறைந்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேலாக உன் அக்கா கட்டிய பணத்தில் பெரும்பகுதி உன் கடனைக் குறைக்கவே இல்லை. நீ இன்னும் இரண்டு வருடம் படித்தால் அந்த இரண்டு வருடமும் இதே கதைதான். அதற்குள் அவளுக்கு என்ன வயதாகும்?

இன்னொன்று. அந்தக் கடன் பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாளா என்று பார். போட்டிருந்தால், ஒரு தவணை தவறினாலும் அவள் பெயரிலும் பதிவாகும். நாளைக்குத் தன் படிப்புக்கு அவள் கடன் கேட்டுப் போகும்போது வங்கி அதைத்தான் முதலில் பார்க்கும்.

அப்பாவின் மௌனம் உனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. அவர் கோபத்தை வெளியே காட்டுகிறார். நீ மாதம் ஒழுங்காகச் சம்பளம் கொண்டுவந்தால் தானாகப் பேசிவிடுவார். அதை விடு.

ஆசிரியர் வேலைக்கு வருவோம். நல்ல வேலை, நான் மிகவும் மதிக்கும் வேலை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன், தினமும் ஒரே மாதிரி இருந்ததால்தானே முதல் வேலையை விட்டாய்? ஆசிரியர் ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று வகுப்புகளுக்கு நடத்துவார். மூன்றாவது வகுப்புப் பிள்ளைகள் அதை முதன்முறையாகக் கேட்கிறார்கள் என்பதால், முதல் வகுப்பில் இருந்த அதே உற்சாகத்தோடு நடத்த வேண்டும். பரீட்சை முடிந்தால் ஒரே கேள்விக்கு நூற்றுச்சொச்சம் பிள்ளைகள் எழுதிய விடையைத் திருத்த வேண்டும். அடுத்த வருடம் திரும்பவும் அதே பாடம். எந்தத் தொழிலிலும் முதல் ஒரு வருடம் அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்பைத் தாண்டிய பிறகுதான் தொழில் பிடிபடும். நீ இரண்டு இடத்திலும் அதைத் தாண்டும் முன்பே இறங்கிவிட்டாய். அதனால் அந்த வேலைகள் உனக்கானவையா இல்லையா என்பது உனக்கே இன்னும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆசிரியர் ஆசை உண்மையா என்று பார்க்க இரண்டு வருடப் படிப்பும் புதுக் கடனும் தேவையில்லை. மாலை நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடு. ஒரு முழுப் பருவம், முதல் பாடத்திலிருந்து பரீட்சை முடியும் வரை. நடுவில் விடக் கூடாது. உனக்குப் பிடித்த பிள்ளையை வைத்து முடிவெடுக்காதே. நாலு தடவை சொல்லியும் புரியாமல் முழிக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் தடவை சொல்லும்போது உனக்கு என்ன தோன்றுகிறது என்று பார்.

பகலில் வேலைக்குப் போ. எந்த வேலையானாலும் சரி, உன் படிப்புக்குக் கிடைப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. இந்த வேலை உன் மனசுக்குப் பிடித்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஐந்தாம் தேதி தவணை உன் கணக்கிலிருந்து போக வேண்டும், அந்த மெசேஜ் உன் போனுக்கு வர வேண்டும். முழுத் தவணையும் கட்ட முடியாத சம்பளம் என்றால் வங்கிக்கு நேரில் போய், தவணைக் காலத்தை நீட்டிக்க வழி இருக்கிறதா என்று கேள். மாதத் தொகை குறையும், மொத்த வட்டி கூடும். கூடுகிற வட்டி உன் பொறுப்பு.

ஆசை ஆறிவிடுமோ என்று பயப்படாதே. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டு, அதன் பிறகு உயிரியலைப் புது மாணவராக ஆரம்பத்திலிருந்து படிக்கப் போனார். அப்போது அவருக்குக் குடும்பம் இருந்தது. 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். கையில் எடுத்ததை முடித்துவிட்டுப் போனவருக்குக் கதவு திறந்துதான் இருந்தது.

மனசு சொல்வதைக் கேட்பது தவறா என்றாய். நீ கேட்பது உன் மனசு சொல்வதை மட்டும். உன் முடிவுக்கான விலையை இன்னொருவர் கொடுக்கும்போது அவரைக் கேட்காமல் முடிவெடுக்க உனக்கு உரிமை இல்லை. குடும்பம் என்றால் ஒருவர் எழும்போது மற்றவர் தாங்குவது, அப்புறம் முறை மாற்றிக்கொள்வது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. உன்னைப் படிக்கவைத்தார்கள், இரண்டு வேலையை விட்டபோதும் தாங்கினார்கள். இனி அவள் முறை. அவள் படித்து முடித்து நிமிர்ந்த பிறகு உன் ஆசிரியர் படிப்பு. இரண்டு வருடம் தள்ளிப்போனால் உனக்கு 26. ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

அவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நிற்பாய், அதையும் சொல்கிறேன். சார்லஸ் டார்வினை உலகமே பெரிய மேதையாகத்தான் அறியும். 1831இல் அவர் உன்னைப் போல் ஒரு பிள்ளை, 22 வயது. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர், பாதிரியார் ஆவதற்காக வாங்கிய பட்டம் கையில் இருந்தது, அந்த நேரத்தில் கப்பல் பயணத்துக்கு அழைப்பு வந்தது. செலவு அப்பாவுடையது. அப்பா மறுத்தார். டார்வின் முதலில் வரவில்லை என்றே பதில் எழுதிவிட்டார். அப்புறம் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்டிடம் போய், அப்பாவின் ஆட்சேபங்கள் எட்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று, இது மறுபடியும் தொழிலை மாற்றுவதாகும் என்பது. மாமா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார். அதைப் படித்த பிறகு அப்பா சம்மதித்தார், பணமும் கொடுத்தார். பணம் கொடுப்பவரின் ஆட்சேபத்தை அந்தப் பையன் ஒளிக்கவில்லை, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினான். அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

உன் அக்கா தன் ஆட்சேபங்களை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அதனால் நீதான் கேட்க வேண்டும், கேட்டு எழுத வேண்டும். அவள் முதலில் அதெல்லாம் ஒன்றுமில்லைடா என்பாள். அதோடு எழுந்து போய்விடாதே. உன் பணம் எவ்வளவு போயிருக்கிறது, அந்த இடத்தை ஏன் விட்டாய், அப்போது யார்யாரிடம் சொன்னாய் என்று ஒவ்வொன்றாகக் கேள். நடுவில் உன் நியாயத்தைச் சொல்ல வாய் திறக்காதே. அவள் அழுதாலும் கோபப்பட்டாலும் உட்கார்ந்து கேள்.

வெறுங்கையோடு போய் மன்னிப்பு மட்டும் கேட்காதே, அவள் உடனே மன்னித்துவிடுவாள், மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். போகும் முன் மூன்று விவரம் கையில் வேண்டும். அவள் இதுவரை கட்டிய மொத்தத் தொகை, வங்கியில் கேட்டு வாங்கிய கணக்குச் சீட்டோடு. உனக்கு வேலை கிடைத்திருக்கும் இடமும் சேரும் தேதியும். அவள் விட்ட படிப்புக்கு அடுத்த சேர்க்கை எப்போது, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்பது. கடைசி விவரத்தை இன்றைக்கே விசாரி, இந்த வருடச் சேர்க்கை இன்னும் முடியாமல்கூட இருக்கலாம்.