காணாமல் போன 33 ஃபோட்டான்கள்

கேள்வி: வாயுவுக்குள் பலமான லேசரைச் செலுத்தினால் அதைப் போலப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளி, அதாவது உயர் சீரிசைகள், வெளிவருகின்றன. இதை விளக்க ஃபோட்டானே, அதாவது ஒளித்துகளே, தேவையில்லை, அலை போதும் என்கிறார் எங்கள் ஆசிரியர். சரியா?

பதில்: பாதி சரி. நானும் பல வருடம் ஆய்வக மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். எலக்ட்ரானுக்குக் குவாண்டம் சமன்பாடு எழுதுவேன். லேசருக்குப் பலகையில் ஒரு சைன் அலை வரைவேன், அவ்வளவுதான். 1993-ல் இயற்பியலாளர் பால் கார்க்கம் தந்த விளக்கமும் அப்படியே: லேசரின் மின்புலம் எலக்ட்ரானை அணுவிலிருந்து பிய்த்து, தூரத் துரத்தி, திசை மாறியதும் திருப்பி இழுத்து வருகிறது. அது அணுவோடு மறுபடி சேரும்போது, வழியில் சேர்த்த ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. அருமையான விளக்கம், இன்றும் பயன்படுகிறது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1987-ல் பிரான்சில் இயற்பியலாளர் ஆன் லுயிலியே குழுவினர் 1064 நானோமீட்டர் லேசரை ஆர்கானில் செலுத்தி, 33-ஆவது சீரிசை வரை, அதாவது 33 மடங்கு அதிர்வெண் வரை, கண்டார்கள். அந்த லேசரின் ஒரு ஃபோட்டானில் இருக்கும் ஆற்றல் சுமார் 1.17 எலக்ட்ரான் வோல்ட். 33-ஆவது சீரிசையின் ஃபோட்டானில் 38-க்கும் மேல். அப்படியானால் ஒன்று பிறக்க, லேசரிலிருந்து 33 போயிருக்க வேண்டும். பலகையில் நான் வரைந்த அலையில் அந்த 33 குறையவே இல்லை! கோடானுகோடியில் 33 போனால் யாருக்குத் தெரியும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

2021-ல் கிரீட் தீவின் ஆய்வகத்தாரும் அவர்களோடு சேர்ந்த கோட்பாட்டாளர்களும் அதை விடவில்லை. சீரிசை பிறந்த தருணங்களை மட்டும் பிரித்தெடுத்து, வாயுவைக் கடந்து வந்த லேசரை அளந்தார்கள். உள்ளே போன ஒளி சாதாரண லேசர் ஒளி. வெளியே வந்ததோ சற்றே வேறுபட்ட இரண்டு நிலைகளின் மேற்பொருந்தல், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளிலும் இருப்பது; ஒரே சமயத்தில் உயிரோடும் இறந்தும் இருக்கும் கற்பனையான ஷ்ரோடிங்கர் பூனை வகையைச் சேர்ந்தது. அலையை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது.

அப்புறம் 2024-ல் ஜெர்மனியின் எர்லாங்கனில், சராசரி மின்புலம் பூஜ்யமான 'நெருக்கிய வெற்றிட' (squeezed vacuum) ஒளியைப் படிகத்தில் செலுத்தினார்கள். அதே சராசரிச் செறிவுள்ள லேசரைவிட அதிகச் சீரிசை கிடைத்தது. அந்த ஒளியின் செறிவு துடிப்புக்குத் துடிப்பு பெரிதாக ஏறி இறங்கும். அந்த ஏற்றங்களே சீரிசைகளை அள்ளித் தருகின்றன. ஆனால் இதைப் பல அலைகளின் சராசரியாகவும் கணக்கிட்டுவிடலாம். அதனால் எனக்குக் கிரீட் சோதனைதான் பெரிது.

ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: சீரிசையைத்தான் எல்லோரும் அளக்கிறார்கள், மிஞ்சி வந்த லேசரை அளந்தால் என்ன தெரியும்?