போட்டி டாக்டர்களே விதி போட்டால் கோர்ட்டுக்குப் போகலாமா?

அமெரிக்காவில் வீடியோ வழியாக நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் கேட்டிருக்கிறார்: முதல் தடவை நேரில் பார்க்காமல் மருந்து எழுதக்கூடாது என்று டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மாநில மெடிக்கல் போர்டு விதி கொண்டுவரப் போகிறது, போர்டில் பாதிக்கு மேல் சொந்த கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள், போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியுமா?

முடியும். ஆனால் விதி மோசமானது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கோர்ட் முதலில் பார்ப்பது, விதி போட்டது யார், அவர்களுக்கு மேலே கண் வைத்திருப்பவர் யார் என்பதைத்தான்.

மாநில அரசே ஒரு தொழிலில் போட்டியைக் குறைக்க முடிவு செய்தால் ஷெர்மன் சட்டம் (அமெரிக்காவின் முக்கியமான போட்டிச் சட்டம்) குறுக்கே வராது என்று 1943-இல், கலிஃபோர்னியா உலர் திராட்சை வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுபது வருஷம் லைசென்ஸ் போர்டுகள் பெரும்பாலும் இந்தக் குடைக்குள்தான் நிம்மதியாக இருந்தன. 2015-இல் வட கரோலினா பல் மருத்துவ போர்டு வழக்கில் குடை கிழிந்தது. எட்டுப் பேர் போர்டில் ஆறு பேர் பல் டாக்டர்கள். மால்களிலும் சலூன்களிலும் சிலர் குறைந்த காசுக்குப் பல்லை வெளுப்பாக்கித் தர ஆரம்பித்ததும், 'உடனே நிறுத்து' என்று போர்டிலிருந்து 47 கடிதமாவது போனது. இடம் வாடகைக்கு விட்ட மால்காரர்களுக்கும் போனது. (பல் வெளுப்பதை 'பல் மருத்துவம்' என்று சட்டம் தெளிவாகச் சொல்லவும் இல்லை, அதுதான் வேடிக்கை.) போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் மத்திய வர்த்தக ஆணையம் (FTC) போர்டைப் பிடித்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் நின்றது: போர்டைக் கட்டுப்படுத்துவது அந்தத் தொழிலிலேயே சம்பாதிப்பவர்கள் என்றால், மாநிலம் உண்மையாக மேற்பார்வை செய்தால்தான் பாதுகாப்பு. மேற்பார்வை செய்பவர் முடிவின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும், வேண்டாமென்றால் ரத்து செய்யவோ திருத்தவோ அதிகாரம் இருக்க வேண்டும், அவரே அந்தத் தொழிலில் போட்டியாளராக இருக்கக்கூடாது.

உங்கள் கேஸுக்கு ரொம்ப நெருக்கமானது டெக்சாஸ். 2015-இல் அங்கே மெடிக்கல் போர்டு ஏறக்குறைய இதே விதியைத்தான் போட்டது. போன், வீடியோ வழியாக டாக்டர்களை இணைத்துத் தரும் டெலடாக் நிறுவனம் வழக்குப் போட, ஆஸ்டினில் இருந்த ஃபெடரல் நீதிபதி அமலுக்கு வருமுன்னே விதியை நிறுத்திவைத்தார். 'எங்கள் விதியை கோர்ட்டில் எதிர்க்கலாமே, சட்டசபையும் அவ்வப்போது எங்களை ஆராய்கிறதே, இது மேற்பார்வை இல்லையா?' என்று போர்டு வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை. மேல்முறையீட்டுக்குப் போய், 2016-இல் தானே வாபஸ் வாங்கிக்கொண்டது. ஆனால் கடைசியில் விஷயத்தை முடித்தது கோர்ட் இல்லை. 2017-இல் சட்டசபை சட்டத்தையே மாற்றியது, வழக்கும் அதோடு முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. குடை போய்விட்டது என்பதாலேயே நீங்கள் ஜெயித்துவிட்டதாக ஆகாது. விதியால் போட்டி நியாயமில்லாமல் நசுங்குகிறது என்பதை அப்புறம் தனியாக நிரூபிக்க வேண்டும். நோயாளி பாதுகாப்பு என்று போர்டு ஒரு காரணத்தோடு வரும், அது எப்போதும் வெறும் சாக்காகவும் இருக்காது. நேரில் பார்க்க வேண்டும் என்பதைச் சட்டசபையே சட்டமாகப் போட்டிருந்தால், இந்த வழியை மறந்துவிடுங்கள். போர்டு உங்கள் மீது மட்டும் ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருந்தாலும் இந்த வாதம் பெரும்பாலும் ஒட்டாது.

இப்போது என்ன செய்யலாம்? விதி இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது என்றால் வக்கீலுக்குப் பணம் கட்டுமுன் கருத்துக் கேட்பு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். அதற்குள் எழுத்தில் கொடுங்கள்: எந்த மாவட்டத்து நோயாளி எத்தனை மைல் ஓட்டிப் போக வேண்டும், உங்கள் கட்டணம் எவ்வளவு, பக்கத்து கிளினிக்கில் எவ்வளவு. இந்தக் கணக்குதான் பின்னால் கோர்ட்டிலும் உதவும். வாக்களிக்கப் போகும் உறுப்பினர்களில் எத்தனை பேர் இன்னும் பிராக்டிஸ் செய்கிறார்கள் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். போர்டு விதிகளை வெளியிலிருந்து பரிசீலிக்கும் அலுவலகம் உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்; டெக்சாஸில் 2019-இல் கவர்னர் அலுவலகத்திலேயே அப்படி ஒரு பிரிவு வைத்தார்கள். இருந்தால் உங்கள் கடிதத்தின் ஒரு நகல் அங்கேயும் போகட்டும்.