தெருவோரம் வாழும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எப்படித் தொடங்குவது? கண்டிப்பு வேண்டுமா?

வீடில்லாத பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுக்க ஆசை, ஆனால் அடங்கி உட்காருவார்களா என்று பயம் என்கிறீர்கள். மதுரையில் சிம்மக்கல், யானைக்கல் பக்கம் நடைபாதையில் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளோடு சில வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். கண்டிப்புக்குத் தேவையே வந்ததில்லை. பிஸ்கட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் அடுத்த வாரமும் வருகிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு நாள்தான் முடியுமென்றால் இரண்டு நாள் என்றே சொல்லுங்கள். வர முடியாத நாளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். தூங்கா நகரம் என்று நாம் பெருமைப்படுகிற ஊரில் அவர்கள் படுப்பது கடை வாசலில். கடைசிக் கடை சாத்தி, பரோட்டாக் கல் ஓய்ந்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். விடிவதற்குள் சரக்கு வண்டி வந்துவிடும். பாதுகாப்பாக ஒரு மணி நேரம் தூங்க உங்கள் பக்கத்தில் இடம் கிடைத்ததே பெரிய விஷயம். எழுந்ததும் "அண்ணே, விட்டதைச் சொல்லுங்க" என்று அவனே கேட்பான்.

நோட்டுகளை நீங்களே வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் கொண்டு வாருங்கள். மழையில் நனையாமல் வைக்க அவர்களுக்கு இடமில்லை. வீட்டுப்பாடம் வேண்டவே வேண்டாம். 'என் வீடு' படம் வரையச் சொல்வதும், "அப்பா எங்கே?" என்று எல்லார் முன்னாலும் கேட்பதும் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், அதை இன்னொருவரிடம் கதையாகச் சொல்லாதீர்கள்.

கணக்கைப் பூவிலிருந்து தொடங்கலாம். அம்மாவோடு பூ விற்கிற பிள்ளைக்கு, முழம் இருபது ரூபாய் என்றால் மூன்று முழத்துக்கு நூறு ரூபாய் நோட்டில் மீதி எவ்வளவு என்று கண்ணிமைக்கும் நேரத்தில் தெரியும். அதைத் தாளில் எழுதுவது மட்டும்தான் புதிது. 'உனக்கு ஏற்கெனவே தெரியும்' என்று காட்டிவிட்டால் அப்புறம் பயமில்லாமல் பென்சில் பிடிப்பார்கள்.

ஆனால் நம் மாலை வகுப்பு பள்ளிக்கூடம் ஆகாது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சியும் தரவேண்டும். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் அதே சட்டத்தில் தடை. ஆனாலும் காகிதம் கேட்டு வாசலோடு திருப்பி அனுப்புவது நடக்கிறது. அந்த அம்மாக்கள் பதில் பேசாமல் வந்துவிடுவார்கள். அதனால் சேர்க்கை நாளில் கூடவே போங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே சிம்மக்கல்லில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். இரவு வெறும் டீயோடு படுத்த பிள்ளைக்குக் காலையில் சூடாகச் சாப்பாடு கிடைக்கிறதென்றால், பள்ளிக்குப் போக வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

ரயில் நிலையத்திலோ மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலோ பெரியவர்கள் யாருமில்லாமல் ஒரு பிள்ளையைப் பார்த்தால், பாசத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், இப்படிப்பட்ட பிள்ளைகளின் பாதுகாப்பை முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழு முன் அழைத்துப்போக வேண்டும் என்பது சட்டம். யார் வருவார்கள், எங்கே போகப்போகிறோம் என்பதை முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அவர்கள் வந்து சேரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.