கேள்வி – பதில்: நில இரைச்சலும் எறியப்படும் வீச்சமும்

கேள்வி: நிலநடுக்கம் இல்லாத வேளையில் பதிவாகும் நில இரைச்சலைக் கொண்டே நிலத்தடி அமைப்பை அறியலாமாம். அதற்கான முறைகளுள் ஒன்று, அலையின் வீச்சம் முழுவதையும் விட்டுவிட்டு +1, −1 என்ற குறியை மாத்திரம் வைத்துக்கொள்கிறது. இது தகவலை அழிப்பதாகாதா? வன்னிக்கு எம்முறை பொருந்தும்?
– ஆசிரியை ஒருவர், கிளிநொச்சி

பதில்: அழிக்கிறது, அதை அறிந்தே செய்கிறார்கள். இரு நிலையங்களின் நீண்ட பதிவுகளைக் குறுக்குத் தொடர்புபடுத்தி (ஒன்றை நேரத்தில் நகர்த்தி நகர்த்தி மற்றதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து), அம்முடிவுகளைக் கூட்டினால், ஒன்றிலிருந்து மற்றதற்கு அலை சென்ற நேரம் தெளிகிறது என்பதை நிலநடுக்கவியலாளர்களான ஷப்பீரோவும் கம்பில்லோவும் 2004இல் மேற்பரப்பு அலைகளில் காட்டினர். ஆனால் ஒரேயொரு பெரிய நிலநடுக்கம் பல நாள் இரைச்சலையும் மூழ்கடித்துவிடும். நீங்கள் குறிப்பிட்ட, குறியை மாத்திரம் வைக்கும் ஒரு-பிட் முறை அந்நிலநடுக்கத்தின் வீச்சத்தைப் பறித்து, எல்லாக் கணங்களுக்கும் சம நிறை கொடுக்கிறது. அலை வேகம் மட்டும் வேண்டுமாயின் இவ்விழப்பு பாதகமில்லை. அலை எவ்வளவு நலிகிறது என்று அளக்க விரும்புவோர் இதைத் தவிர்ப்பது நல்லது. 2007இல் பென்சன் குழுவினர் முறைகளை ஒப்பிட்டபோது, நிலநடுக்க மீடிறன்களுக்கேற்ப நிறையிடக்கூடிய நகரும் சராசரி முறையையே (ஒவ்வொரு கணத்தின் வீச்சத்தையும் அதைச் சூழ்ந்த சிறு நேர இடைவெளியின் சராசரி வீச்சத்தால் வகுப்பது) விரும்பினர். என் தெரிவும் அதுவே. வீச்சத்தை அறவே தவிர்த்து அவத்தையை (அலை தன் ஏற்ற இறக்கச் சுற்றில் எவ்விடத்தில் நிற்கிறது என்பதை) மாத்திரம் ஒப்பிடும் ஷிமெலின் முறையும் (1999) நன்று. எனினும் அதனோடு சேர்த்துப் பயன்படும் அவத்தை நிறையிட்ட கூட்டல் (அவத்தை ஒத்துள்ள பகுதிகளுக்குக் கூடிய நிறை கொடுத்துக் கூட்டுவது) குறைந்த பதிவுகளில் அலை வடிவத்தைச் சிதைக்கக்கூடும்.

வன்னியில் உண்மையான இடர் வேறு. பூநகரிச் சுண்ணாம்புக்கல் போன்ற ஆழங்குறைந்த படைகளை ஆராய உயர் மீடிறன்கள் தேவை. அங்கேதான் வயலில் நீர் இறைக்கும் இயந்திரம் குறுக்கிடுகிறது. நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் இயந்திரம் 25 ஹேட்ஸில் மணிக்கணக்காக ஒரே சீராக அதிர்வதால், திடீர் உயர்வுகளை அடக்கும் ஒரு-பிட் முறை அதனிடம் தோற்கும். எல்லா மீடிறன்களின் வலிமையையும் சமப்படுத்தும் நிறமாலை வெண்மையாக்கம் 25 ஹேட்ஸிலுள்ள அவ்வுச்சியைத் தாழ்த்தும், ஆயினும் இரு நிலையங்களும் அதே இயந்திரத்தைக் கேட்பதால் பொய்த் தொடர்பு முற்றாக நீங்காது. அம்மணிநேரங்களைத் தொகுப்பிலிருந்து விலக்குவதே நேர்மையான வழி.

ஆழத்துக்குப் பயன்படுவது 5 முதல் 20 செக்கன் வரையான அலைவுகாலமுடைய கடலிரைச்சல். அதன் திசை வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் மாறக்கூடும். சராசரி முறையோ வெண்மையாக்கமோ இதைத் திருத்தாது. ஆகவே இரு பருவப் பதிவுகளையும் தனித்தனியே கூட்டி, நேர், எதிர் நேரப் பக்கங்கள் (முதல் நிலையத்திலிருந்து இரண்டாவதற்கும், மறுதிசையிலும் செல்லும் அலைகள்) ஒத்துள்ளனவா என்று முதலில் பாருங்கள். அதன்பின் ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கூட்டலாம்.