சதாத் போட்ட கணக்கு

கேள்வி: 1973 அக்டோபர் போரின் முடிவில் எகிப்தின் மூன்றாம் படையையே இஸ்ரேல் சுற்றி வளைத்துவிட்டது. பிறகு எகிப்து எப்படி ஜெயித்ததாகச் சொல்கிறார்கள்?

பதில்: களத்தில் எகிப்து ஜெயிக்கவில்லைதான். ஆனால் 1967 போரில் இஸ்ரேல் பிடித்த சினாய் தீபகற்பம் முழுவதையும் சண்டை போட்டு மீட்கப் பலம் போதாது என்பது எகிப்து அதிபர் அன்வர் சதாத்துக்கு முன்பே தெரியும். சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்குக் கரையில் சில கிலோமீட்டர் பிடித்து உட்கார்ந்துவிட்டால், ஆறு வருடமாக நகராத பேச்சுவார்த்தையை அமெரிக்கா கையில் எடுத்தே ஆக வேண்டும். அவர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அந்தச் சில கிலோமீட்டருக்கே எத்தனை தயாரிப்பு! கால்வாய் ஓரம் இஸ்ரேல் எழுப்பிய மணல் அரண் சில இடங்களில் 20 மீட்டர் உயரம். வெடியும் புல்டோசரும் வைத்து வழி திறக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதற்குள் இஸ்ரேல் டாங்கிகள் வந்துவிடும். அஸ்வான் உயர் அணையில் வேலை பார்த்த ராணுவப் பொறியாளர் பாக்கி ஜக்கி யூசுப், தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் கரைக்கலாம் என்றார். பிரிட்டன், ஜெர்மனியிலிருந்து சுமார் 450 பம்புகள் வந்தன. சோதனையில் இரண்டு மணி நேரத்தில் வழி திறந்தது. தெற்கில் மட்டும் மண் சேறாகிக் காலை வாரியது. மூன்றாம் படையின் டாங்கிகள் தாமதமாகவே கரையேறின.

சறுக்கல் அக்டோபர் 14 அன்று. கூடவே இஸ்ரேலுடன் போரிட்ட சிரியாவின் நெருக்கடியைக் குறைக்க, தன் விமான எதிர்ப்பு ஏவுகணைகளின் பாதுகாப்பைத் தாண்டி டாங்கிகளை முன்னே அனுப்பச் சொன்னார் சதாத். எகிப்தின் ராணுவத் தலைமைத் தளபதி ஷாஸ்லி எதிர்த்தும் கேட்கவில்லை. ஒரே நாளில் சுமார் 250 டாங்கிகள் போயின. மறுநாள் இரவே இஸ்ரேல் கால்வாயைக் கடந்தது. நீங்கள் சொல்லும் முற்றுகை அதன் விளைவு.

அப்படியும் முதல் நாட்களின் அதிர்ச்சி அழியவில்லை. யாராலும் அசைக்க முடியாது என்ற இஸ்ரேலின் நம்பிக்கை உடைந்தது. 1974 ஏப்ரலில் இஸ்ரேல் பிரதமர் கோல்டா மேயர் ராஜினாமா செய்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சர் தலைநகரம் தலைநகரமாகப் பறந்தார். 1974 ஜனவரி ஒப்பந்தப்படி இஸ்ரேல் கால்வாயை விட்டு விலகியது. 1979இல் சமாதான உடன்படிக்கை. 1982 ஏப்ரலில் எல்லையோரச் சிற்றூர் தாபா தவிர சினாய் முழுவதும் எகிப்தின் கைக்கு வந்தது.

இதில் திடீர்த் தாக்குதலுக்கு மட்டும் பெருமை சேர்க்காதீர்கள். எகிப்து கால்வாயைக் கடந்த அதே அக்டோபர் 6, அதே பிற்பகலில் சிரியாவும் திடீரென்றுதான் தாக்கியது. 1967இல் இஸ்ரேலிடம் இழந்த கோலான் குன்றுகள் முழுவதையும் களத்திலேயே பிடித்துவிட நினைத்தது. குனெய்த்ரா பக்கம் ஒரு துண்டு நிலம் திரும்பக் கிடைத்ததோடு சரி.