வீட்டுக்காரர் திடீரென்று அமைதியாகிவிட்டால்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. இந்த 2020 கொரோனா ஊரடங்கில் மூன்று மாதமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம். ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, விரலெல்லாம் மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது. தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வருகிறது. கொரோனாவாக இருக்குமோ என்று அடிக்கடி காப்பித்தூளை மோந்து பார்க்கிறேன். காய்கறியை சோப்புத் தண்ணீரில் கழுவித்தான் சமைக்கிறேன். கபசுரக் குடிநீர் மூன்று வேளையும் குடிக்கிறேன். தூக்கத்துக்கு மாமியாரின் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன், சரிதானா? பெரிய பெண்ணுக்கு ஆன்லைன் வகுப்பால் கண் எரிச்சல். என் வீட்டுக்காரர் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். மார்ச்சிலிருந்து ஒரு வேலையும் இல்லை, கடன் இருக்கிறது. ஒரு மாதமாகத் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர் இந்த வாரம் அமைதியாகிவிட்டார். எல்ஐசி பத்திரம், பாஸ்புக், வண்டி ஆர்.சி. எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுப் பெரியவளிடம் காட்டினாராம். ஆசையாக வாங்கிய டிரில் மெஷினை வேலைப் பையனிடம் சும்மா கொடுத்துவிட்டார். வில்லிவாக்கத்தில் இருக்கும் அவர் தம்பியிடம்கூட நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஹார்ட் பிரச்சினை இருக்குமா?
– வாசகி, கொளத்தூர், சென்னை (ஜூன் 2020)

பதில்: உங்கள் ஹார்ட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், அதற்கு அவசரம் இல்லை. முதலில் அந்தக் கட்டைப்பை.

இவ்வளவு விஷயம் எழுதிவிட்டு, கணவரைப் பற்றி மட்டும் கடைசியில் நாலைந்து வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தூங்காததற்கே அந்த வரிகள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்து போகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தால் யாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அவர் தன்னை ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள், அதை எழுதக் கை வரவில்லை. நானே எழுதுகிறேன்: தற்கொலை. இந்தப் பயத்தைத் தள்ளி வைக்காதீர்கள் அம்மா, இதில் நியாயம் இருக்கிறது.

பத்திரங்களை எடுத்து அடுக்கி வைப்பது மட்டும் என்றால் நான் பதறமாட்டேன். நாளைக்கே கொரோனா என்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் வீட்டில் இருப்பவர்கள் அல்லாடக் கூடாது என்று இந்த ஜூன் மாதத்தில் சென்னையில் பல பேர் செய்கிற வேலைதான் அது. ஆனால் ஒரு மாதம் தூங்காமல் தவித்த மனிதர், வேலையும் திரும்பி வராமல் கடனும் அடையாமல் இருக்கும்போதே திடீரென்று அமைதியாகிறார், எது எங்கே இருக்கிறது என்று மகளிடம் காட்டுகிறார், கையாலேயே பிழைப்பவர் தன் டிரில் மெஷினைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார் என்றால், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காருவார். பிரச்சினை எதுவும் தீராமல் தவிப்பு மட்டும் நின்றுவிட்டால், மனதுக்குள் ஏதோ முடிவு எடுத்திருக்கலாம். 'அப்பாடா, தேறிட்டார்' என்று வீட்டில் இருப்பவர்கள் மூச்சு விடுவதும் இந்த நேரத்தில்தான். எடுத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. அப்படி ஆவதில்லை. பல ஆண்டுகளாக, பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்த விஷயம் இது. கேட்டதால் யாருக்கும் புதிதாக அந்த எண்ணம் வருவதில்லை, தனியாகச் சுமந்துகொண்டிருந்தவருக்கு வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. 'தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?' என்று கேட்டால் அவர் 'சேச்சே, இல்லை' என்றுதான் சொல்வார், ஏனென்றால் அந்தப் பதிலைத்தான் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேள்வியிலேயே தெரிகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள், இரண்டு பேருடைய போனும் கீழேயே இருக்கட்டும். 'என்னங்க, ஒரு மாசமா நீங்க தூங்கல. பத்திரத்தையெல்லாம் எடுத்து வச்சிருக்கீங்க. செத்துப் போயிடலாம்னு தோணுதா?' இப்படியே, இதே வார்த்தையில் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள், அவர் அஞ்சு நிமிடம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. 'லூசு மாதிரி பேசாத' என்று எரிந்து விழலாம். விழட்டும், நாளைக்கு மறுபடியும் கேளுங்கள்.

அவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் அழுகை வரும், வந்தால் அழுங்கள். ஆனால் 'எங்களை நினைச்சுப் பாத்தீங்களா?' என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களை நினைத்து நினைத்துத்தான் அவர் இந்த இடத்துக்கு வந்திருப்பார். 'நான் இருக்கறதே இவங்களுக்குப் பாரம், இல்லேன்னா அந்த எல்ஐசி பணமாவது வரும்' என்று மனச்சோர்வில் இருக்கும் ஆண்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன், அது அவர்களுக்குக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு போலவே தெரியும். அதனால் அறிவுரை வேண்டாம், அடுத்ததை மட்டும் கேளுங்கள்: எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் அன்றே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. ஒரு நிமிடம்கூட அவரைத் தனியாக விடக் கூடாது. அப்படி எதுவும் இல்லை, வாழ்க்கை வெறுத்துப்போனது மட்டும்தான் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'ஒண்ணுமில்ல, நீ போய்த் தூங்கு' என்று மழுப்பினாலும் பார்க்கத்தான் வேண்டும்.

கேட்பதற்கு முன்னால், இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. மாமியாரின் மாத்திரைகள், எலி மருந்து, கரப்பான் மருந்து எதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது. மாத்திரையைப் பூட்டி வைத்து வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள், மற்றதையெல்லாம் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். இது எதற்கு என்று கேட்பீர்கள். சாக வேண்டும் என்ற வேகம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டவில்லை என்றால், அது தணிந்து ஆள் பிழைத்துக்கொள்கிறார்.

ஊரடங்கில் எங்கே போவது என்று நினைக்காதீர்கள். 2020 ஜூன் 19-ம் தேதியிலிருந்து சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்குதான், ஆனால் மருத்துவ அவசரத்துக்கு ஆட்டோ ஓடலாம். வழியில் போலீஸ் நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லுங்கள். நிலைமை கைமீறினால் 108. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உங்களுக்கு வில்லிவாக்கம், அயனாவரம் வழியாகப் பக்கம்தான். அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி பேசிப் பேசியே நம் ஊரில் எத்தனையோ பேரை அந்த வாசலை மிதிக்கவிடாமல் செய்துவிட்டார்கள், அது எனக்குத் தீராத கோபம். 1794-லிருந்து இந்த ஊருக்கு வைத்தியம் பார்க்கிற இடம் அது, அங்கே போவதில் எந்த அவமானமும் இல்லை. அங்கே வேண்டாம் என்று அவர் அடம்பிடித்தால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போக முடியாவிட்டால் வீடியோ காலில் மருத்துவரைப் பார்க்கலாம், 2020 மார்ச் 25-ம் தேதியே அரசு அதற்கு முறைப்படி வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 104-க்குப் போடுங்கள், தமிழ்நாடு அரசின் இலவச எண். 1986-லிருந்து சென்னையில் தற்கொலைத் தடுப்பு வேலை செய்யும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. அவர்தான் பேச வேண்டும் என்று இல்லை, நீங்களும் பேசலாம்.

'கடன் அடைஞ்சா எல்லாம் சரியாயிடும், டாக்டர் எதுக்கு?' என்பார். கடன் நிஜம், அதை ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். இந்த ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்கிற வரைக்கும் பெரிய மேடை வேலை வராது, அதுவும் நிஜம். வங்கியிலோ ஃபைனான்ஸ் கம்பெனியிலோ வாங்கிய கடன் என்றால் 2020 ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் மூச்சுவிட நேரம் கிடைக்கும், கேட்டு எழுதி வாங்குங்கள். ஆனால் தூங்காத மூளையால் எந்தக் கடனுக்கும் வழி யோசிக்க முடியாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அடிமையாக்காது. முதல் சில வாரம் கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஜூன் 14-ம் தேதி மும்பையில் ஒரு இந்தி நடிகர் இறந்ததிலிருந்து டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். உங்கள் வீட்டில் ஓடினால் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே தளர்ந்திருப்பவருக்கு அந்த மாதிரிச் செய்தி கெடுதல் செய்கிறது.

சரி, இப்போது நீங்கள். ராத்திரி மட்டும் வரும் படபடப்பு, விரல் மரத்துப்போவது, மூச்சு முட்டுவது எல்லாம் பெரும்பாலும் பயத்தில் வேகவேகமாக மூச்சு விடுவதால் வருவது. பகலில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ இல்லையென்றால் ஹார்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அப்படி இருந்தால் மட்டும் ஒரு ஈசிஜி எடுத்துவிடலாம். படபடப்பு வரும்போது எழுந்து உட்கார்ந்து, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக விடுங்கள், பத்து நிமிடத்தில் அடங்கும். முடி கொட்டுவது பெரிய மன அழுத்தம் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து நடப்பது, மறுபடியும் வளரும், எந்த எண்ணெயும் வாங்க வேண்டாம்.

காப்பித்தூளை மோந்து பார்ப்பதை விடுங்கள். வாசனை தெரியாமல் போவதை மத்திய அரசு இந்த மாதம் 13-ம் தேதி கொரோனா அறிகுறிகளில் சேர்த்தது உண்மை. நிஜமாகவே போனால் சாம்பார் கொதிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படியானாலோ காய்ச்சல், இருமல் வந்தாலோ உங்கள் வார்டில் மாநகராட்சி நடத்தும் காய்ச்சல் முகாமுக்குப் போங்கள், வாட்ஸ்அப்பில் வைத்தியம் தேடாதீர்கள். காய்கறிக்கு சோப்பு கூடவே கூடாது, வயிற்றுக்குள் போனால் வாந்தி பேதிதான். குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் போதும். கபசுரக் குடிநீரை மூன்று வேளையும் குடித்தால் யாரும் கொரோனாவிலிருந்து தப்பிவிட முடியாது, முகக்கவசமும் கைகழுவுவதும்தான் காப்பாற்றும். பெண்ணை அரை மணிக்கு ஒருமுறை போனிலிருந்து கண்ணை எடுத்து ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாமியாரின் மாத்திரை சரியில்லை, இதில் எனக்குப் பொறுமை கிடையாது. பெயரை நீங்கள் எழுதவில்லை. இங்கே பெரும்பாலும் அல்பிரசோலம் வகைதான் புழங்குகிறது, அது பழக்கமாகிவிடும் மாத்திரை. வயதானவருக்கு அவருடைய மருத்துவர் பார்த்து எழுதியதை மருமகள் பிட்டுப் போட்டுக்கொள்வது வைத்தியம் ஆகாது. எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. பல வாரமாகத் தினமும் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், கணவரைப் பார்க்கப்போகும் அதே மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். முக்கியமாக, அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் அசந்து தூங்கிவிட்டால் ராத்திரி வீட்டில் யார் விழித்திருப்பது?

கொழுந்தனாரிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லுங்கள். வீட்டு மானம் என்று நினைத்து இதை ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, மாமியாரையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு ஒரு மனிதரை இருபத்துநாலு மணி நேரமும் கவனிக்க உங்களால் ஆகாது. கடன் விஷயம், கட்டைப்பை, டிரில் மெஷின் எல்லாவற்றையும் போனிலேயே சொல்லுங்கள். 'அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், தனியா என்னால முடியல' என்று சொன்னால் எந்தத் தம்பியும் வருவான். முகக்கவசம் போட்டுக்கொண்டு வரட்டும், இந்த வாரம் ராத்திரி உங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளட்டும். இதைப் படித்து முடித்ததும் முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.